கல்லடியில் வைத்த பொருள்கள்

பெரியோரையும் குழந்தையையும் காணச் செல்பவர் வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது நம் வீட்டுப் பாட்டிமார் வகுத்த சட்டம். ஒரு சீப்பு வாழைப்பழமாவது, இரண்டு எலுமிச்சம்பழமாவது கையில் இருத்தல் வேண்டும். பெற்றுக்கொள்பவரும், "எதற்கு இதெல்லாம்?" என்று உபசாரமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே எடுத்து வைப்பார். ஆனால், நாம் காணச் செல்லும் மனிதர் யுத்த களத்தில் மடிந்து, இப்போது கல்லாக நிற்பவரானால் என் செய்வது? அவருக்கு எதைக் கொண்டு செல்வது? வைத்துவிட்டு வந்த பொருள் அதன்பின் யாருடையது? வைத்தவருடையதா, மடிந்தவருடையதா, அல்லது மறுநாள் காலையில் துடைப்பத்துடன் வருகிறாரே அந்தத் தோட்டியாருடையதா? இவ்வாரம் இவ்விஷயத்தைப் பற்றியே நேயர்களுடன் சிறிது பேசக் கருதுகிறோம்.

யுத்த ஞாபகச் சின்னம் என்றவுடன் இது அயல்நாட்டுச் சமாசாரம் என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் வாழும் கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால், கல்வராயன் மலை நீலச் சுவர்போல் நீண்டு கிடப்பது தெரியும். கோமுகி ஆறு அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. மலையாளிகள் என்னும் மலைவாழ் மக்கள் வாழும் அம்மலை, 1976 வரையில் ஜாகீர்தார்களின் வசத்தில் இருந்தது; 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியுடன் சேர்ந்து இன்று நிற்கிறது. அம்மலைக்கு வடக்கே தென்பெண்ணையும் செங்கமும், வடமேற்கே பழைய தகடூராகிய தருமபுரியும், கிழக்கே மலையமான்களின் திருக்கோவலூரும் இருக்கின்றன. இந்த வட்டாரம் முழுவதையும் நடுகல் நாடு என்றே சொல்லிவிடலாம். போரில் பட்ட வீரனுக்குப் பெயரும் ஊரும் பொறித்துக் கல் நாட்டும் வழக்கம், உலகத்தின் பெரிய ராஜதானிகள் பலவும் தோன்றுவதற்கு முன்பே இங்கு வேரூன்றிவிட்டது.

தொல்காப்பியனார் இதற்கு ஆறு நிலைகளை வகுக்கிறார். தக்க கல்லைக் காண்பது காட்சி, அதற்கு நாள் பார்த்துத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, நாட்டுவது நடுகல், படையலிடுவது பெரும்படை, இறுதியில் வாழ்த்து. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைக் கற்ற மாணாக்கர், காதைகளின் பெயர்களிலேயே இம்முறை அமைந்திருப்பதை அறிவர். இந்த ஆறில் ஐந்தாவதை நேயர்கள் சற்றே கவனிக்க வேண்டும். கல்லை நாட்டியதோடு காரியம் முடிந்ததாக நம் முன்னோர் எண்ணவில்லை. அதன் முன் ஏதேனும் வைத்தால்தான் அது முடிந்ததாகும்.

எதை வைத்தார்கள்? மயிற்பீலி சூட்டினார்கள். சிவந்த பூமாலை அணிந்தார்கள். நன்னீராட்டி நெய்விளக்கேற்றினார்கள். சிறு கலத்தில் கள்ளை வடித்து ஊற்றினார்கள். கடைசிப் பொருளைக் கண்டு மதுவிலக்குக் கட்சியைச் சேர்ந்த நமக்குச் சிறிது கூச்சம் உண்டாகலாம். ஆயினும் புறநானூற்றைத் திருத்தி எழுத நமக்கு அதிகாரம் இல்லை. உயிரோடிருந்த காலத்தில் அவன் எதை விரும்பினானோ அதையே கொண்டு வைத்தார்கள் என்பதுதான் இதிலுள்ள உண்மை. செங்கத்துப் பக்கத்து நடுகற்கள் சிலவற்றில், வில்லும் வாளும் ஏந்திய வீரனுடைய காலருகே ஒரு கெண்டியும் ஒரு சிமிழும் செதுக்கியிருப்பதைக் காணலாம். படைக்க ஒருவரும் வாராத நாளிலும் அவன் முன் கலம் வெறுமையாயிராமல் இருக்கட்டும் என்று சிற்பி கருதினான் போலும் என்று நமக்குத் தோன்றுகிறது.

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, திருக்கோவலூரை எறிந்து வென்றவன். ஔவையாரின் உற்ற நண்பன். அவன் மடிந்து நடுகல்லானபோது ஔவையார் பாடிய பாட்டைப் படித்துக் கண் கலங்காத தமிழாசிரியர் இரார். மலையும் நாடும் சேர்த்துக் கொடுத்தாலும் பிறரிடம் கைந்நீட்டிப் பெறாதவனாயிற்றே, இன்று நாம் பீலி சூட்டிச் சிறு கலத்தில் வார்க்கும் இதை மாத்திரம் ஏற்றுக்கொள்வானோ என்று அப்பெருமாட்டியார் ஏங்குகிறார். கல்லடியில் பொருள் வைக்கும் ஒவ்வொருவருடைய மனத்திலும் எழும் கேள்வி இதுதான். நாம் கொண்டு வந்தது எவ்வளவு சிறியது! அவர் கொடுத்ததோ உயிர்! கணக்கு ஒருநாளும் நேராகாது என்று தெரிந்தேதான் மனிதர் வைக்கிறார்கள்.

இன்னொரு புறப்பாட்டில், சிற்றூர்ப் பெண்ணொருத்தி நாள்தோறும் நடுகல்லைத் தொழுது வேண்டுகிறாள். அவள் முதலில் கேட்கும் வரம், தன் வீட்டுக்கு விருந்தினர் வரவேண்டும் என்பது. யாருடைய கல்லோ, எந்தத் தலைமுறையில் பட்டவனோ, அவனிடம் தன் வீட்டுக் காரியத்தைச் சொல்கிறாள். ஞாபகச் சின்னம் என்பது இறந்தவரை நினைப்பதற்கு மாத்திரம் ஏற்பட்டதென்று நாம் எண்ணுகிறோம். ஆனால் இருப்பவர் தங்கள் மனத்தை இறக்கி வைப்பதற்கும் அதுவே திண்ணையாகிறது.

செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், அவனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்கிறது. வழியில் நடுகற்கள் நிற்கும். அவற்றின் முன் உங்கள் யாழை இசைத்துப் போற்றிவிட்டு விரைந்து செல்லுங்கள் என்கிறது. கூத்தரிடம் பொன் ஏது, பொருள் ஏது? அவர்களிடம் உள்ளது பாட்டு. அதை வைத்துவிட்டுப் போகிறார்கள். வழி பிரியும் இடங்களில் பின்னால் வருவோர் தடுமாறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் செய்யும்படியும் அந்நூல் சொல்கிறது. இறந்தவர்க்குப் பாட்டு, வரப்போகிறவர்க்குப் புல்முடி. இரண்டையும் ஒரே பயணத்தில் செய்யச் சொன்ன புலவரின் உள்ளத்தை என்னென்பது!

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர் ஒருமுறை சித்திரை மாதத்தில், நம் மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகத்துக்குச் சென்று வரலாம். அங்கே கோயில் கொண்டிருக்கும் கூத்தாண்டவர், பாரதப் போரில் களப்பலியான அரவான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு மாலையிட ஒருவரும் முன்வராதபோது, கண்ணபிரானே மோகினி வடிவெடுத்து மணந்தார் என்பது கதை. இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வரும் திருநங்கையர் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர். நேர்த்திக்கடன் உள்ள கிராமத்து ஆடவரும் கட்டிக்கொள்வதுண்டு. இரவெல்லாம் ஆடலும் பாடலும். மறுநாள் தேர் அழுகளம் நோக்கிச் செல்கிறது. அங்கே தாலி அறுபடுகிறது; வளையல் உடைகிறது; பூ களையப்படுகிறது; வெள்ளை உடை வருகிறது. அறுந்த மஞ்சள் கயிறுகளும் உடைந்த வளையல் துண்டுகளும் அவ்விடத்திலேயே கிடக்கின்றன. யுத்தத்தில் மடிந்த ஒருவனுக்காக மனிதர் தம் உடம்பிலிருந்தே கழற்றி வைத்துவிட்டுச் செல்லும் பொருள்கள் அவை. அக்கயிற்றை எவரும் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பதில்லை. பாதுகாக்கச் சொன்னால் அவர்கள் உடன்படவும் மாட்டார்கள். கழற்றி வைப்பதுதான் அங்கே முக்கியம். குருக்ஷேத்திரத்தின் துக்கத்தை இந்த ஊர் ஆண்டுதோறும் புதிதாக அழுகிறது. உறவினராலும் ஊராராலும் தள்ளப்பட்டவர் பலர் அந்த அழுகையில் தங்கள் சொந்த அழுகையையும் சேர்த்து அழுதுவிட்டுப் போகின்றனர் என்பதை நேரில் பார்த்தவர் அறிவர்.

இனி, கடல் கடந்து சற்றுச் செல்வோம். அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில், வியட்நாம் யுத்தத்தில் மடிந்த அமெரிக்கருக்கு ஒரு ஞாபகச் சுவர் இருக்கிறது. 1982 நவம்பர் 13-ஆம் தேதி அது திறந்து வைக்கப்பட்டது. அதை வரைந்தளித்த மாயா லின் என்னும் பெண், அப்போட்டியில் வென்றபோது 21 வயதுக் கல்லூரி மாணவி. பளபளப்பான கருங்கல்லில் 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள், மடிந்த நாளின் வரிசைப்படி பொறிக்கப்பட்டுள்ளன. பெயரைப் படிப்பவருடைய முகமும் அக்கல்லில் தெரியும். அந்தக் கல் எங்கிருந்து சென்றது தெரியுமா? நம் அண்டை நாட்டுப் பெங்களூரிலிருந்துதான்! தென்னிந்தியக் கல்லுக்கும் நடுகல்லாவதற்கும் ஏதோ பூர்வ ஜன்ம சம்பந்தம் உண்டு என்று நாம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

சுவரைக் கட்டியவர்கள் எதிர்பாராத ஒரு காரியம் அங்கே நிகழ்ந்தது. காண வந்தவர்கள் பொருள்களை வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். கடிதங்கள், போட்டோக்கள், பதக்கங்கள், சிப்பாய்கள் கழுத்தில் அணியும் பெயர்த் தகடுகள், தேய்ந்த பூட்ஸுகள், குழந்தைப் பருவத்துக் கரடிப் பொம்மைகள், நண்பனுக்கென்று ஒரு புட்டி பீர். நம் நடுகல்லின் கள் கலத்தை இங்கே நேயர்கள் நினைவுகூர்தல் நலம். சிலர் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிளையே கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டனர். தோட்டத்தைக் காவல் செய்யும் சர்க்கார் ஊழியர்கள், யாரோ மறந்துவிட்ட சாமான்கள் என்று முதலில் இவற்றைச் சேர்த்து வைத்தார்கள். நாளாக ஆக, இவை மறந்தவையாக இருக்க முடியாது என்பது புலனாயிற்று. அதன்பின் பூவையும் வாடும் பொருள்களையும் வெறும் கொடிகளையும் நீக்கி, மற்றவற்றையெல்லாம் தேதியிட்டுப் பதிந்து மேரிலாண்டு மாகாணத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தில் காக்கின்றனர். இவ்வாறு சேர்ந்தவை இப்போது 4 லட்சத்துக்கு மேல்.

அவற்றில் ஒன்றின் வரலாறு சொல்லத் தக்கது. 1967-இல் ஓர் அமெரிக்க இளைஞன், வியட்நாம் காட்டில் எதிரிச் சிப்பாய் ஒருவனைச் சுட்டுக் கொன்றான். இறந்தவனுடைய பணப்பையில் ஒரு சிறு போட்டோ இருந்தது. அதில் அந்தச் சிப்பாயும் ஒரு பெண் குழந்தையும் இருந்தனர். வென்றவன் அதை எடுத்துக்கொண்டான். ஊர் திரும்பி மணம் புரிந்து குடும்பஸ்தனான பிறகும் அந்தப் போட்டோ அவன் பையை விட்டு அகலவில்லை. அந்தக் குழந்தையின் கண்களும் அவன் மனத்தை விட்டு அகலவில்லை. 1989-இல் அவன் அந்தப் போட்டோவுடன் தன் கையால் எழுதிய ஒரு மன்னிப்புக் கடிதத்தையும் சேர்த்துச் சுவரடியில் வைத்துவிட்டுத் திரும்பினான். பாரம் இறங்கிற்று என்று நினைத்தான். ஆனால் களஞ்சியத்தார் அதைக் காத்து வைத்திருந்தனர். சுவரடியில் கிடைத்த பொருள்களைப் பற்றிப் பின்னர் ஒரு புஸ்தகம் வெளியானபோது, அதில் அந்தப் போட்டோவும் கடிதமும் அச்சாயின. அவன் கண்ணில் அது மறுபடியும் பட்டது. போட்டோவைத் திரும்பப் பெற்று, அந்தப் பெண் எங்கே என்று தேடத் தொடங்கினான். 2000-ஆம் ஆண்டில் வியட்நாமுக்கே சென்று, வளர்ந்து பெரியவளாகிவிட்ட அவள் கையில் அவளுடைய தகப்பனாரின் படத்தைக் கொடுத்தான்.

துடைப்பத்துடன் வந்தவர் அன்று அதைக் குப்பையில் சேர்த்திருந்தால், ஒரு பெண்ணுக்குத் தகப்பன் முகம் கிடைத்திராது. இதை வாசிக்கும் எவரும், எல்லாவற்றையும் காக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிடுவர். அவசரப்பட வேண்டாம், மற்றொரு பக்கத்தையும் பார்ப்போம்.

நம் நாட்டில் சிக்கிமின் நாதுலா கணவாய்க்கு அருகில் ஹர்பஜன் சிங் என்னும் சிப்பாய்க்கு ஒரு சமாதிக் கோயில் உண்டு. 1968-இல் பனிமலையில் கடமையின்போது உயிர் நீத்தவர் அவர். இன்றும் அவருக்கென ஓர் அறை. அதில் படுக்கை, சீருடை, மெருகேற்றிய பூட்ஸு. மலையேறி வருபவர் அங்கே தண்ணீர்ப் புட்டிகளை வைத்துவிட்டுச் செல்கின்றனர். சில நாள் அங்கிருந்த நீர் நோய் தீர்க்கும் என்று நம்பி, பின்னர் எடுத்துச் சென்று வீட்டிலுள்ள பிணியாளருக்குத் தருகின்றனர். அருணாசலப் பிரதேசத்தில், 1962-இல் சீனரை எதிர்த்து நின்று மடிந்த ஜஸ்வந்த் சிங் ராவத்துக்கும் இத்தகைய இடம் உண்டு. காலையில் தேநீர் வைப்பதும் படுக்கை விரிப்பதும் அங்குள்ள படைவீரர் தவறாமல் செய்யும் பணி.

இதை வகுப்பில் சொன்னபோது, கெட்டிக்கார மாணாக்கன் ஒருவன் எழுந்து, "செத்துப் போனவர் குடிக்க மாட்டார் என்று தெரிந்தும் தேநீர் வைப்பது வீண்தானே, சார்?" என்று கேட்டான். நாம் அவனை ஒரு கேள்வி கேட்டோம். "உன் தாத்தாவின் திவசத்தன்று உங்கள் வீட்டில் முதல் இலை யாருக்குப் போடுவார்கள்?" பையன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். வைப்பவர் எவரும் ரஸாயன சாஸ்திரம் அறியாதவர் அல்லர். 'உன்னை மறந்து நான் சாப்பிடவில்லை' என்று சொல்வதற்கு மனிதனுக்கு வேறு பாஷை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக, கல்லடியில் வைக்கும் பொருள்கள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல என்பது தெளிவாகிறது. பூவும் நீரும் சோறும் விளக்கும் கரைந்து போவதற்கென்றே வைக்கப்படுபவை. அவற்றைக் காக்க முயல்வது பேதைமை. கூவாகத்துக் கயிறு போன்றவை விட்டொழிப்பதற்காக வைக்கப்படுபவை. அவற்றைக் கிளறாதிருப்பதே மரியாதை. கடிதமும் படமும் பதக்கமும் பெயர் தாங்கியவை, சாட்சி சொல்பவை. இவை அழிந்தால் இறந்தவர் இரண்டாம் முறை இறக்கிறார். இவற்றைத்தான் காக்க வேண்டும். ஆயினும் இறந்தவருக்கு எழுதிய கடிதத்தைப் பிறர் பிரித்துப் படிப்பது தகுமா என்ற சங்கடம் நிற்கத்தான் செய்கிறது. வாஷிங்டனில் மற்றொன்றும் நேர்ந்தது. பொருள்கள் காக்கப்படுகின்றன என்ற செய்தி பரவியபின், இறந்தவரைக் கருதாமல் காட்சிசாலையையே கருதிப் பொருள் கொண்டு வந்து வைப்போரும் தோன்றினார்கள். துக்கத்துக்குப் பார்வையாளர் சேர்ந்தால் சிறிது நாடகம் கலந்துவிடுகிறது. இதற்காகக் காப்பதை விட்டுவிட முடியாது. காப்பவர் இதையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே நம் கட்சி.

பொருள் வைக்க ஓர் இடம் இருப்பவர் பாக்கியசாலிகள். இடமே இல்லாதவர்களின் கதி என்ன? இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர், 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரையில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரெயில் பாதை போட்டனர். மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்க் கூலிகள் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் பட்டினியும் அடியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. அப்பாதையில் மடிந்த ஆசியத் தொழிலாளர் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகின்றனர். அதே பாதையில் மடிந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் புல்வெளியும் வரிசையான பெயர்க் கற்களும் உள்ள மயானம் உண்டு. பேரன் பேத்திகள் வந்து, செந்நிறக் காகிதப் பூவைப் பெயரின்மேல் வைத்துவிட்டுப் போகின்றனர். தமிழ்க் கூலிக்குப் பெயருமில்லை, கல்லுமில்லை. அவன் பேரன் பூவைக் கொண்டு வந்தாலும் எங்கே வைப்பான்? 80 ஆண்டுகளுக்குப் பின், 2023-இல்தான் காஞ்சனபுரியில் அவர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது. அதற்கு நடுகல் என்ற பெயரையே இட்டார்கள் என்பதைப் படித்தபோது, தொல்காப்பியர் காலத்துச் சொல் ஒன்று கடல் கடந்து சென்று அநாதைகளுக்குக் காரியம் செய்ததாகவே நமக்குப் பட்டது.

கல்லை நாட்டவொட்டாமல் தடுப்பதும், நாட்டியதை இடிப்பதும் உலகில் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்காலில் மடிந்தோருக்கென எழுந்த சின்னம் 2021 ஜனவரியில் ஒரே இரவில் இடிக்கப்பட்டது. மாணாக்கர் உறுதியாக நின்றதால் அவ்வாண்டிலேயே மீண்டும் எழுந்தது. கல்லில்லாத காலத்திலும் தாய்மார் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மணலில் விளக்கேற்றியே வந்தனர். கல்லை இடிக்கலாம், கொண்டு வந்து வைக்கும் கையை என்ன செய்வது?

நம் வட்டாரத்துக்குத் திரும்புவோம். தண்டராம்பட்டுப் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நடுகல் எழுந்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவகத்தி என்பவனுடைய கல் அது. வீரனுக்குப் பின்னால் ஒரு நாயின் உருவம் இருக்கிறது. எசமானன் விழுந்தபின்பும் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லெழுத்து சொல்கிறது. நாய்க்கும் பெயர் எழுதிய நாடு இது! முதல் உலக யுத்தத்துக்குப் பின் இங்கிலீஷ் சர்க்கார் நம் தேசத்துக் கிராமங்கள் பலவற்றில் பலகைக் கற்கள் பதித்தனர். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று அவை எண்ணிக்கை மாத்திரம் சொல்கின்றன. சென்றவர் யார், மடிந்தவர் யார் என்ற பேச்சே அவற்றில் இல்லை. பல்லவன் காலத்துக் கிராமத்து நாய்க்குக் கிடைத்த மரியாதை, சாம்ராஜ்யத்துக்காகக் கடல் கடந்து மடிந்த நம் ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அடிமை நாடு என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய பாடத்தை நாம் வகுப்பில் நடத்தியதில்லை.

அந்த மரியாதையைக் கற்பித்த கற்களை இன்று நாம் எப்படி வைத்திருக்கிறோம்? தொல்பொருள் துறையார் 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டு, அப்பகுதிக் கல்லெழுத்துகளை உலகறியச் செய்தனர். தருமபுரியில் காட்சிசாலை அமைத்துப் பல கற்களைக் காக்கின்றனர். ஆயினும் இன்னும் எத்தனையோ கற்கள் கரும்புக் கொல்லை வரப்பிலும் ஏரிக்கரைப் புதரிலும் சாய்ந்து கிடக்கின்றன. துணி துவைக்கும் கல்லாகவும் வாசற்படியாகவும் மாறியவை உண்டு. சில ஊர்களில் வேடியப்பன் என்ற பெயரால் நடுகல்லுக்குப் பூசை நடக்கிறது. இது மிகவும் நல்லது. பூசை நடந்ததால்தான் கல் பிழைத்தது. ஆனால் எண்ணெயும் மஞ்சளும் வர்ணமும் ஏறி ஏறி எழுத்து மூடிப்போகிறது. காட்சிசாலைக்குப் போன கல்லிலோ எழுத்து பிழைக்கிறது. அதன் முன் ஒரு பூ வைப்பாரில்லை. கோயிலில் பெயர் போகிறது. காட்சிசாலையில் பூ போகிறது. இரண்டையும் ஒருசேரக் காப்பது முடியாத காரியமா?

முடியும் என்றே நினைக்கிறோம். ஊரிலுள்ள நடுகல்லை இருக்கும் இடத்திலேயே நிமிர்த்தி நிறுத்தலாம். அறிந்தவரைக் கொண்டு மைப்படி எடுத்து எழுத்தைப் படித்து, அவ்வீரனின் பெயரைப் பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். வர்ணம் பூசுவதை நிறுத்திவிட்டு, எண்ணெயை எழுத்தின்மேல் வாராமல் பூவையும் விளக்கையும் அடியில் வைக்கலாம். ஆண்டுக்கொருமுறை மாணாக்கர் அங்கே சென்று, செங்கத்துக் கூத்தரைப் போல ஒரு பாட்டுப் பாடிவிட்டு வரலாம். இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. ஓர் உபாத்தியாயரும் ஊர்ப் பெரியவர் இருவரும் மனம் வைத்தால் போதும்.

இனி வீட்டுக் காரியம். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் நம் ஜில்லாக்களில் ஏராளம். அந்த வீடுகளின் பரணில், வெள்ளை எழுத்தில் நம்பரும் பெயரும் தீட்டிய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் பழைய கடிதங்கள், குரூப் போட்டோ, பெல்ட்டு, பதக்கம். முதல் உலக யுத்தத்துப் பதக்கத்தின் விளிம்பை உற்றுப் பார்த்தால் பெற்றவருடைய நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். அது வெள்ளியாயிருப்பதால் தட்டானுக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டவர்களும் உண்டு. இந்த வாரத்தில் ஒருநாள் அந்தப் பெட்டியைக் கீழே இறக்குங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் நிற்பவர் யார் யார் என்று கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். மையால் எழுதினால் முன்பக்கத்தில் ஊறிவிடும். கடிதங்களைத் தேதி வரிசைப்படி அடுக்கி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தப் படைப் பிரிவில் இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி மேலே போடுங்கள். கேட்டுச் சொல்லக்கூடிய கடைசிப் பாட்டி கண்ணை மூடிவிட்டால், அந்தப் போட்டோவில் நிற்பவர் முகமுள்ள அநாதையாகிவிடுவார்.

யுத்தத்தைப் பெரிதுபடுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. யுத்தம் எவ்வளவு பெரிய அழிவு என்பதை அறிய வேண்டுமானால், மடிந்தவர் எண்ணிக்கையைப் படித்தால் போதாது. ஒருவனுடைய பூட்ஸு, ஒருவனுடைய கடிதம், ஒருவன் பையிலிருந்த குழந்தையின் படம், இவற்றைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் பேர் என்பது கணக்கு. ஒருவன் என்பது துக்கம். கல்லடியில் பொருள் வைத்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே. கல்வராயன் மலைச்சாரலில் உள்ள நேயர்கள், தங்கள் ஊர் நடுகல்லின் பெயரைக் கண்டுபிடித்து நமக்கு ஒரு கார்டு எழுதினால், அப்பெயரை இப்பகுதியில் வெளியிட்டு ஊரறியச் செய்ய நாம் காத்திருக்கிறோம்.